ஒரு கைப்பிடி பழைய மரத்தூள்

செம்பாக்கம்
8 ஜூன் 2025

மாடியில் இருக்கும் தம்பி மெர்வினுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் கூடப்பிறந்த அக்கா ஜெயசீலி எழுதுவது.

பால் பாக்கெட்டுக்காக நீ கயிறு கட்டி இறக்கும் கூடையிலேயே இதை வைக்கிறேன். படியேறி வந்து கேட்கலாம். போன மாதம் அப்படித்தான் வந்தேன். கதவைத் திறந்தாய், என் கையிலிருந்த குழம்புச் சட்டியை வாங்கினாய், தலையை ஆட்டினாய், சாத்திக்கொண்டாய். அந்த ஒரு தலையாட்டலுக்காக இன்னொரு தடவை பதினாறு படி ஏற என் முட்டி சம்மதிக்கவில்லை.

மூன்று நாளாக மொட்டைமாடியில் சுத்தியல் சத்தம். ஆராதனை முடிந்து வந்து கண்ணை மூடினால் தலைக்கு மேலே ட்ரில் ஓடுகிறது. இரும்புச் சட்டமும் பலகையும் ஆட்டோ சக்திவேல் வண்டியில்தானே வந்தன, அவனைப் பிடித்துக் கேட்டேன். "உங்களாண்ட சொல்லலியா சிஸ்டர்? அண்ணன் எலிக்கு வூடு கட்டிகினு கீறாரு. பன்னண்டு ரூமு" என்றான். பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு வேறு.

முப்பத்து நான்கு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். வார்டுக்குள் ஒரு எலி வந்தால் அன்றைக்கு யாரையும் வீட்டுக்கு விடமாட்டேன். என் தலைக்கு மேலேயே எலிக்கு வீடா? மனுஷர்கள் இருக்கும் வீட்டில் பேச்சு இல்லை, எலி வந்தாவது கீச்சுக் கீச்சென்று பேசட்டும் என்று நினைத்தாயோ என்னவோ.

உன் வீட்டுக்காரி ஷீலா போய் ஒன்பது மாதம். நீ என்னோடு பேசுவதை நிறுத்தி எட்டு மாதம். நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். கல்லறைக் கல்லுக்கு வசனத்தை உன்னைக் கேட்காமல் நானே எடுத்துக் கொடுத்தேனே, அதுவா? கடைசி மாதம் அவள் கேட்டும் ஊறுகாய் தரவில்லையே, அதுவா? டாக்டர் சொன்னதைத்தான் செய்தேன். தப்பென்றால் தப்பு என்று எழுது. எனக்குத் தெரிந்தால் போதும்.

குழம்புச் சட்டியைத் திருப்பி இறக்கு. இன்றைக்கு வஞ்சிரம்.

ஜெயசீலி


9 ஜூன்

அக்காவுக்கு,

அவை நீ நினைக்கும் எலி இல்லை. வெள்ளைச் சுண்டெலி. மருந்துக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் நான் வளர்த்தவை. கம்பெனியை மூடியதும் கூட இருந்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

கேளம்பாக்கத்தில் ஹேமாவதி என்று ஒரு பெண், மாஞ்சா நூலில் இறக்கை அறுந்த ஆந்தைகளை வைத்து வைத்தியம் பார்க்கிறாள். ஆந்தைக்கு ஆட்டுக்கறியும் கோழியும் போதாது, முழு எலி வேண்டும். பொறியில் பிடித்த எலி விஷம் தின்றிருக்கும். அதனால் என்னைக் கேட்டாள். கம்பெனியில் என் சுண்டெலிகள் எதற்குப் போயின என்று நான் கேட்டதில்லை. இங்கே ஒரு பறவை மறுபடி பறப்பதற்குப் போகின்றன. அது தேவலாம் என்று தோன்றியது.

நாற்றம் வருமோ என்று பயப்படாதே. ஸ்டாண்டுக்கு நாலு தட்டு. தட்டுக்கு மூன்று பிளாஸ்டிக் தொட்டி. தொட்டிக்கு மூடி கிடையாது. மேஜை டிராயர் மாதிரி உள்ளே தள்ளினால் மேல்தட்டுப் பலகையே மூடி. காற்றுக்குப் பலகையில் ஓட்டை போட்டுக் கம்பிவலை அடித்திருக்கிறேன். விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே பென்சில் நுழையக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. அடியில் மரத்தூள். ஒரு தொட்டிக்கு ஆண் ஒன்று, பெண் மூன்று. கடையில் வாங்கும் கூண்டு இவ்வளவு உறுதியாக இருக்காது.

ஞாயிறு மதியம் இனி ட்ரில் ஓடாது.

நீ கேட்ட மற்றதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை. ஊறுகாயும் இல்லை, வசனமும் இல்லை.

மெர்வின்


17 ஜூலை

மெர்வின்,

கூடையில் இருக்கும் காபித்தூள் பாட்டிலை ஜாக்கிரதையாக எடு. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருக்கிறேன். உள்ளே இருப்பது உன் வீட்டு மனுஷி.

பென்சில் நுழையாது என்று எழுதியவரே, காலையில் அரிசி டிரம்மைத் திறந்தால் உள்ளே உட்கார்ந்து, இரண்டு கையிலும் ஒரு அரிசியைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறது! நான் போட்ட சத்தத்தில் தெருமுனையில் நின்ற சக்திவேல் ஓடிவந்தான். "இதுக்கா இம்மாம் சவுண்டு? தம்மாத்தூண்டு கீது, பாவம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அவனும் கிட்டே போகவில்லை. கடைசியில் டிபன் பாக்ஸைக் கவிழ்த்து நான்தான் பிடித்தேன். அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது டப்பா வழியாகக் கையில் தெரிந்தது. பிரசவ வார்டில் முதல் பிள்ளைக்கு வந்து படுக்கும் பெண்களுக்கு இப்படித்தான் அடித்துக்கொள்ளும்.

வயிறு பெரிதாக இருக்கிறது. நான் பார்த்த வரையில் இரண்டு மூன்று நாளில் ஆகிவிடும். சீக்கிரம் கொண்டுபோய் இடத்தில் விடு.

அரிசி முழுவதையும் கொட்டிவிட்டேன்.

ஜெயசீலி


17 ஜூலை, மாலை

அக்காவுக்கு,

என் தப்புதான். செவ்வாய்க்கிழமை மழையில் இரண்டாம் தட்டுப் பலகை ஊறி நடுவில் வளைந்துவிட்டது. தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் வாங்கியிருக்க வேண்டும், கையில் இருந்த சாதாரணப் பிளைவுட்டே போதுமென்று நினைத்தேன். இப்போது அடியில் அலுமினியப் பட்டி வைத்துத் திருகாணி முறுக்கியிருக்கிறேன். நாளைக்கு மேலே தார்ப்பாயும் கட்டிவிடுவேன்.

நீ சொன்னது சரி, நிறைசூலி. மறுபடி ஏழாம் தொட்டியில் விட்டேன். போனதும் கூட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டது.

அரிசி அனுப்பியிருக்கிறேன்.

மெர்வின்


20 ஆகஸ்ட்

தம்பி,

இதைச் சக்திவேல் உன் கட்டிலருகே கொண்டுவந்து தருவான். கயிறும் கூடையும் தாம்பரம் ஆஸ்பத்திரி வரைக்கும் நீளாது.

அன்றைக்கே தார்ப்பாயை ஆள் வைத்துக் கட்டியிருக்கலாம். காற்றில் அவிழ்ந்ததென்று மழையில் ஸ்டூல் மேல் ஏறி, தொடை எலும்பை உடைத்துக்கொண்டு கிடக்கிறாய். நீ விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. பதினாறு படியை எப்படி ஏறினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

நேற்று கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். பக்கத்துக் கட்டில்காரர் மனைவி, "நீங்க யாரும்மா, வேண்டாதவங்களா?" என்று கேட்டாள். வார்டில் ஆயிரம் அழுகையைப் பார்த்தவள் நான். கஞ்சித் தூக்கை அங்கேயே வைத்துவிட்டு, லிப்டுக்குக் காத்திருக்காமல் இறங்கி வந்து, வாசல் மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கம் இல்லை. நம் இரண்டு பேருக்கு வேறு யார் இருக்கிறார்கள், சொல்.

இனி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். சாப்பாடு சக்திவேலோடு வரும்.

உன் சுண்டெலிகளை என்ன செய்ய? ஹேமாவதி போனில் கேட்டாள். அவளிடம் பன்னிரண்டு தொட்டி வைக்க இடம் இல்லையாம். இரண்டு ஆந்தைகளை இந்த மாதக் கடைசியில் பறக்கவிடப் போகிறாளாம், அதுவரைக்கும் தீனி நிற்கக் கூடாதாம். நான் பார்த்துக்கொள்கிறேன். எப்படி என்று மட்டும் எழுது.

அக்கா


21 ஆகஸ்ட்

அக்காவுக்கு,

காலையில் ஒரு தரம் போதும். தொட்டிக்கு ஒரு கை உடைத்த கோதுமை, ஐந்தாறு கொண்டைக்கடலை. தண்ணீர் பாட்டில் குழாயின் நுனியில் ஒரு குண்டு இருக்கும், விரலால் தொட்டால் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் அடைத்திருக்கிறது. மதியம் ஃபேன் ஓட வேண்டும், வெயில் அவற்றுக்கு ஆகாது.

நாலாம் தொட்டி, ஏழாம் தொட்டி, ஒன்பதாம் தொட்டியில் குட்டிகள் இருக்கின்றன. அவற்றைக் கையில் எடுக்காதே.

சுத்தம் எதுவும் செய்ய வேண்டாம். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு உன்னை அழவைக்க நினைக்கவில்லை. முகத்தைப் பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்றுதான் திரும்பினேன்.

மெர்வின்


26 ஆகஸ்ட்

தம்பி,

கால் வலி எப்படி? பிசியோதெரபிக்காரர் வந்தால் முனகாமல் காலை நீட்டு.

உன் பண்ணையைப் பற்றிக் கேள். முதல் நாள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கரண்டியால்தான் தீனி போட்டேன். இப்போது கையாலேயே போடுகிறேன். ஏழாம் தொட்டிக்காரி என் அரிசி டிரம்முக்குள் இருந்தவள், காதில் ஒரு மச்சம் இருக்கிறது. என் வாசனை தெரிந்ததும் முன்னால் வந்து நிற்கிறாள். "உனக்கு இது எத்தனாவது பிரசவம்மா?" என்று கேட்டே விட்டேன். பக்கத்து மாடியில் துணி உலர்த்திய பெண் என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

சுத்தம் செய்ய வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அக்காவுக்கு முட்டி வலி, சிரமம் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருப்பாய் என எனக்குத் தெரியாதா? இன்றைக்குக் காலையில் இருந்து ஒரே மூச்சில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு தொட்டியும் சுடுதண்ணீரில் கழுவி, டெட்டால் போட்டுத் துடைத்து, வெயிலில் காயவைத்து, பழைய மரத்தூள் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். நீ சொன்னபடியே குட்டிகளைக் கையால் தொடவில்லை. கரண்டியால் எடுத்துப் பஞ்சில் வைத்து, மறுபடி அம்மாவிடமே விட்டேன். நாலில் ஏழு, ஏழில் எட்டு, ஒன்பதில் பதினொன்று. மொத்தம் இருபத்தாறு பிள்ளைகள். மொட்டைமாடி முழுக்க ஆபரேஷன் தியேட்டர் வாசனை. நீ வந்து பார்த்தால் உன் ஸ்டாண்டை உனக்கே அடையாளம் தெரியாது.

இடுப்பு போய்விட்டது. ஆனால் ரொம்ப நாளைக்கு அப்புறம் உனக்காக ஒரு வேலை செய்த திருப்தி.

அக்கா


27 ஆகஸ்ட்

தம்பி,

நேற்றுச் சக்திவேல் சவாரிக்குப் போய்விட்டதால் நேற்றைய கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கிழித்துப் போட்டுவிடலாம் என்று கையில் எடுத்தேன். வேண்டாம். இரண்டையும் சேர்த்தே அனுப்புகிறேன். நேற்றையதை முதலில் படி. நான் எவ்வளவு பெருமையாக எழுதினேன் என்று நீ பார்க்க வேண்டும்.

காலையில் தீனி போடப் போனேன். நாலாம் தொட்டியில் குட்டி இல்லை. எங்கேயோ நுழைந்துவிட்டன என்று தேடினேன். ஏழாம் தொட்டியை இழுத்தேன். அந்த மச்சக்காரி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். வாயில் ரத்தம். புது மரத்தூள் வெள்ளை வெளேரென்று இருந்ததால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஒன்பதில் மூன்று மட்டும் உயிரோடு இருந்தன, மதியத்துக்குள் அவையும் போய்விட்டன. இருபத்தாறும் போயின, மெர்வின். என் கைக்குள் பிறந்த எத்தனையோ குழந்தைகளில் சில தங்காமல் போயிருக்கின்றன. இப்படி என் கையாலேயே போனதில்லை.

ஹேமாவதியைக் கூப்பிட்டேன், உடனே ஸ்கூட்டரில் வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "உங்க மேல தப்பு இல்ல ஆன்ட்டி. அதுங்களுக்கு கண்ணு சரியா தெரியாது, எல்லாமே மூக்குதான். கூட்டோட வாசனை மொத்தமா போயிடுச்சுன்னா, இது நம்ம இடமே இல்லன்னு பயந்துடும். இங்க குட்டிய காப்பாத்த முடியாதுன்னு தோணிடும்" என்றாள். கழுவினாலும் பழைய மரத்தூளில் ஒரு கைப்பிடி எடுத்துத் திரும்ப வைக்க வேண்டுமாம். "அண்ணா இத எல்லாருக்கும் முதல்ல சொல்லுவாரே" என்றாள்.

அவள் போன பிறகு உன் ஸ்டூலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எனக்கு எட்டியது. பத்து மாதமாக நான் தேடிக்கொண்டிருந்தது.

அக்டோபரில் ஷீலாவின் அண்ணன் வீட்டில் நினைவு ஜெபம் என்று நீ நாகர்கோவிலுக்குப் போனாய். மூன்று நாள். நீ திரும்பி வரும்போது அறை பளிச்சென்று இருக்கட்டும் என்று மேலே வந்தேன். அவள் படுத்த விரிப்பு, தலையணை உறை, கதவுக்குப் பின்னால் தொங்கிய துண்டு, மருந்து சிந்திய அந்த ஊதா நைட்டி எல்லாவற்றையும் டெட்டாலில் ஊறவைத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன். ஜன்னல்களைத் திறந்து போட்டேன். வார்டில் ஒரு உயிர் போனால் ஒரு மணி நேரத்தில் அடுத்த நோயாளிக்குக் கட்டிலைத் தயார் செய்ய வேண்டும். முப்பத்து நான்கு வருஷம் என் கை அப்படித்தான் பழகியிருக்கிறது.

நீ வந்தாய். பையைக் கீழே வைத்தாய். கட்டிலருகே போய்க் குனிந்தாய். நான் வாசற்படியில் நின்று, நீ ஒரு நல்ல வார்த்தை சொல்வாய் என்று காத்திருந்தேன். அன்றைக்குத்தான் நீ பேசாமல் போனாய்.

நன்றாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன் என்று சொல்ல வாய் வருகிறது. நேற்றும் அப்படித்தான் செய்தேன். அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. ஷீலாவிடமிருந்து உனக்கு மிச்சமிருந்ததை நான் கழுவிக் கொட்டிவிட்டேன். அதைத் திருப்பித் தர என்னால் முடியாது. என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். நீ பேச வேண்டும் என்பதற்காகக் கேட்கவில்லை. கேட்க வேண்டியது இது, அதனால் கேட்கிறேன்.

தாய்கள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. பெரியவற்றில் இருந்து ஹேமாவதிக்கு இந்த வாரத்துக்குக் கொடுத்துவிட்டேன், ஆந்தைகளுக்குக் குறையில்லை. உன் அறைக்குள் நான் போகவில்லை.

அக்கா


29 ஆகஸ்ட்

அக்கா,

இரண்டு கடிதத்தையும் நீ சொன்ன வரிசையிலேயே படித்தேன். முதல் கடிதத்தைப் படிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இரண்டாவதைப் பிரிக்கக் கை வரவில்லை. சக்திவேல், "இன்னாண்ணே, மூஞ்சி இப்டி ஆயிருச்சு? எதுனா கெட்ட சேதியா?" என்று கேட்டான். ஒரு டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன்.

சுண்டெலி விஷயம் முதலில். கம்பெனியில் சேர்ந்த புதிதில் மேலதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று நானே ஒரு வரிசை முழுக்கக் கழுவித் துடைத்தேன். மறுநாள் உன் மாதிரியே நின்றேன். அன்றைக்கு வேலையை விட்டுவிடுவதாக இருந்தேன். அதனால் உன்னைச் சொல்ல எனக்கு வாயில்லை. சுத்தம் வேண்டாம் என்று மட்டும் எழுதினேன், ஏன் என்று எழுதவில்லை. அதை உனக்குச் சொல்லாதது என் தப்பு. மச்சக்காரி இன்னும் மூன்று வாரத்தில் மறுபடி குட்டி போடுவாள். அப்போது நல்ல தாயாகவே இருப்பாள், பார்.

மற்றதையும் நான் சொல்லாமல்தான் விட்டேன்.

நாகர்கோவிலில் மூன்று நாளும் எல்லோரும் ஷீலாவைப் பற்றிப் பேசிப் பேசி, எனக்கு அவள் முகமே மறந்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகத்தை வைத்தால் போதும் என்று பஸ்ஸில் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் தலைக்கு வைக்கும் எண்ணெய், முகத்துக்குப் போடும் பவுடர், கடைசியில் அந்த மருந்து, எல்லாம் கலந்து ஒரு வாசனை. அது குறைந்துகொண்டே வந்தது எனக்குத் தெரியும். இன்னும் பத்து நாள் இருந்திருக்கும், அவ்வளவுதான். நீ கழுவாவிட்டாலும் போயிருக்கும்.

குனிந்தேன். டெட்டால். உன்னைத் திரும்பிப் பார்த்தேன், கையெல்லாம் சோப்பில் ஊறி வெளுத்துப் போய் நின்றாய். ஆறு மாதம் அவளைத் தூக்கிக் குளிப்பாட்டிய கை. அதைப் பார்த்து எப்படித் திட்ட? திட்டாமல் வேறு எதையும் பேசவும் முடியவில்லை. பேச ஆரம்பித்தால் அதுதான் முதலில் வரும் என்று பயந்தேன். நாள் ஆக ஆக, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் போயிற்று. இதில் உன் தப்பு ஒரு நாள், என் தப்பு பத்து மாதம். மன்னிப்பு யார் கேட்க வேண்டும் என்று நீயே சொல்.

திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆறு வாரம் ஊன்றுகோல், படி ஏறக் கூடாதாம். மாடிக்குப் போக முடியாது. கீழே உன் கூடத்தில் ஒரு கட்டில் போட இடம் இருக்குமா?

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. இன்றைக்கே நீ வா. பத்து நாள் துணி கட்டிலுக்கு அடியில் பையில் கிடக்கிறது. ஆயாவிடம் கொடுக்கவில்லை. அதில் அடிக்கிற ஆஸ்பத்திரி வாசனை எனக்கே பிடிக்கவில்லை. எடுத்துக்கொண்டு போய் நீ எப்போதும் துவைக்கிற மாதிரியே துவை, அக்கா. டெட்டாலைக் குறைக்காதே.

மெர்வின்